மோட்டார் இல்லாத வீடு

“சாமி, நீங்க சொல்லிக்குடுத்த மூச்சு வேலைக்கு ஆகல.”

குற்றாலிங்கம் உட்காரக்கூட இல்லை. மலையடிவாரம் வரை சைக்கிள் மிதித்து வந்த வேர்வையோடு, குடில் வாசலில் நின்றபடியே சொன்னார்.

குன்றடிச் சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“எப்படிச் செஞ்சீங்க, அண்ணாச்சி?”

“நீங்க சொன்ன மாதிரிதான். அப்பா கேட்டதும் மெதுவா உள்ள இழுக்கணும். கொஞ்சம் நிறுத்தணும். மெதுவா விடணும். அதுக்குப் பொறவு பதில் சொல்லணும்.”

“சரி.”

“உள்ள இழுக்கதுக்குள்ள அடுத்த தடவ கேட்டுடுதாரு.”

சாமியின் கை நின்றது. சிரிப்பு வருவது போலிருந்தது. சிரிக்கவில்லை.

“உக்காருங்க.”

“உக்கார நேரமில்ல சாமி. எதிர்வீட்டு இசக்கியம்மாகிட்ட அப்பாவ விட்டுட்டு வந்திருக்கேன். அவளுக்கு அடுப்புல வேல கெடக்கு.”

குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்தேழு வயது. சாமி அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். அதனால்தான் அந்த ‘அண்ணாச்சி’.

குற்றாலிங்கம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் காலம் முழுக்க வேலை பார்த்தார். அப்பா ஆவுடையப்பனுக்கு மறதி வந்தது. முதலில் கண்ணாடியை வைத்த இடம், அப்புறம் தெருப் பெயர் என்று தொடங்கி, ஒரு நாள் வீட்டுக்கு வரும் வழியே தெரியாமல் போனபோது, குற்றாலிங்கம் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார்.

ஆவுடையப்பனுக்கு மனைவி செத்தது மறந்துவிட்டது. மகன் பெயர் சில நாள் ஞாபகம் இருக்கும், சில நாள் இருக்காது. மறக்காமல் இருந்தது ஒன்றே ஒன்று.

“ஏலே, மோட்டார அமத்திட்டியாலே?”

அந்த வீட்டில் மோட்டார் கிடையாது.

முன்பு இருந்தது. கிணறு வற்றிப்போய், மேலே கல் பாவி மூடி, மோட்டாரைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது குழாய்த் தண்ணீர்தான். ஆனால் ஆவுடையப்பனின் தலைக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேலே தொட்டி நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது.

கண் விழித்ததும் கேட்பார். பல் தேய்த்துவிடும்போது நுரையோடு கேட்பார். வாயில் இட்லியை வைத்துக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்து, பதிலை வாங்கி, தலையை ஆட்டி, மறுபடியும் கேட்பார். பதில் வராவிட்டால் தானே எழுந்து மோட்டாரை அணைக்கப் போவார். அப்படிப் போய் ஒரு தடவை புழக்கடையில் விழுந்து கிடந்தார்.

“அமத்தியாச்சுன்னு சொல்லிப் பாத்தீங்களா?” என்று சாமி கேட்டார்.

“சொன்னேன். ‘எப்போ அமத்துன?’ங்காரு. ‘இப்பத்தான்’னேன். ‘பொய் சொல்லாதலே, எனக்குச் சத்தம் கேக்கு’ங்காரு.”

“மோட்டாரே இல்லன்னு சொன்னா?”

“‘வித்துத் தின்னுட்டியாலே’ன்னு அழுதாரு சாமி. ஒரு நாள் பூரா அழுதாரு. மறுநாள் அழுதது மறந்துட்டு. மோட்டார் மறக்கல.”

சாமி நறுக்கின வெண்டைக்காயைத் தட்டில் தள்ளினார். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்.

“அண்ணாச்சி. இனிமே கேள்வியக் காதுல வாங்காதீங்க. கேக்கவரப் பாருங்க.”

குற்றாலிங்கத்துக்கு அது பிடித்திருந்தது. கும்பிட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார். கேள்வியைக் காதில் வாங்காதே, கேட்பவரைப் பார். வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு மிதித்தார்.

மறுநாள் காலை அது வேலையும் செய்தது.

“ஏலே, மோட்டார அமத்திட்டியாலே?”

குற்றாலிங்கம் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். புருவத்தில் ஒரு வெள்ளை முடி மட்டும் நீளமாக வளைந்து தொங்கியது. கண்ணில் ஒரு பயம் இருந்தது. “அமத்தியாச்சுப்பா” என்று மெதுவாகச் சொன்னார்.

அவர் மறுபடியும் கேட்டார். இவர் மறுபடியும் பார்த்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்த முகத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடிந்துவிட்டது. கேள்வி மட்டும் முடியவில்லை.

சாயங்காலம் தங்கை பகவதி புனேயிலிருந்து போன் செய்தாள்.

“அண்ணே, நீ ரொம்ப டென்ஷன் ஆகுத. ஒரு வீடியோ அனுப்பிருக்கேன், பாரு. தெனமும் நீ நன்றி சொல்ல வேண்டிய விஷயத்த நெனச்சுப் பாக்கணுமாம்.”

“நீ இங்க வந்து ஒரு வாரம் இரேன், நான் நன்றி சொல்லுதேன்.”

“அது எப்படிண்ணே, பிள்ளைகளுக்குப் பரிச்ச.”

“சரி. வச்சிடுதேன்.”

“அண்ணே, கோவப்படாத. கோவம் ஒனக்குத்தான் கெடுதல்.”

போனை வைத்தார். வைத்த சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

“ஏலே, மோட்டார அமத்திட்டியாலே?”

அந்த வாரம் வெயில் கடுமை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஆவுடையப்பன் ராத்திரி தூங்குவதில்லை. அவர் தூங்காததால் மகனும் தூங்குவதில்லை. வியாழக்கிழமை மத்தியானம் குற்றாலிங்கம் அப்பாவுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் அந்தக் கேள்வி. வாயைத் திறப்பது சாப்பிடவா, கேட்கவா என்று தெரியவில்லை. பாதிச் சோறு கேள்வியோடு வெளியே வந்து வேட்டியில் விழுந்தது. துடைத்தார். மறுபடியும் விழுந்தது.

“ஏலே…”

குற்றாலிங்கத்தின் கை தானாக மேலே போயிற்று.

ஆவுடையப்பன் சின்னப் பையனைப் போல இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை குடிலில் கூட்டம் இருந்தது. மதுரையில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள், ஒரே மாதிரி வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு, பாயில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். மன அழுத்தம் பற்றிச் சாமி பேசிக்கொண்டிருந்தார்.

“சுமை நம்மள அழுத்தல. நாமதான் சுமையப் புடிச்சிக்கிட்டு இருக்கோம். கைய விட்டா…”

“விட்டா அவர் புழக்கடையில விழுந்துருவாரு, சாமி.”

எல்லோரும் திரும்பினார்கள். குற்றாலிங்கம் வேலியோரம் நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

“அண்ணாச்சி, உள்ள வாங்க.”

“வேண்டாம் சாமி. நேத்து எங்க அப்பாவ அடிக்கக் கை ஓங்கிட்டேன். அவர் தலையப் பொத்திக்கிட்டாரு. அதுக்குப் பொறவு எனக்குச் சோறு எறங்கல. நீங்க சொன்னத எல்லாம் செஞ்சேன். மூச்சு விட்டேன். முகத்தப் பாத்தேன். எங்கிட்ட என்ன குறை சாமி? எனக்கு மட்டும் ஏன் பொறுமை வர மாட்டேங்கு?”

சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“சொல்லாதீங்க!” குற்றாலிங்கத்தின் குரல் கிரீச்சிட்டது. “இன்னும் ஒண்ணு சொல்லாதீங்க. எல்லாரும் சொல்லிட்டாங்க. டாக்டர் நடங்கன்னு சொல்லுதாரு. எங்கே நடக்க? தங்கச்சி ‘நன்றி சொல்லு’ங்கா. நீங்க பாருங்கன்னு சொல்லுதீங்க. உங்களுக்கு என்ன சாமி, இங்க நல்லா காத்து வருது. ஒரே ஒரு மத்தியானம் கீழ வந்து அவர்கூட இருந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க, நான் கேக்கேன்.”

வெள்ளைப் பனியன்காரர்கள் சாமியைப் பார்த்தார்கள். ஒருத்தர் கையிலிருந்த போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

சாமி எழுந்து வேலியோரம் வந்தார்.

“சரி” என்றார்.

“என்ன சரி?”

“நாளைக்கு மத்தியானம் வாரேன்.”

*

சொன்னபடி வந்தார். காவி வேட்டி, தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

குற்றாலிங்கம் வீட்டைச் சுற்றிக் காட்டினார். மாத்திரை இது. கழிப்பறைக்குக் கூட்டிப் போகும்போது இடது பக்கம்தான் பிடிக்க வேண்டும். கருப்பட்டிக் காப்பி ஆற்றிக் கொடுக்க வேண்டும். புழக்கடைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாளும் போட வேண்டும்.

“புரிஞ்சுது. நீங்க போங்க.”

“எங்க போக?”

“எங்கயாவது.”

குற்றாலிங்கம் வாசல்படியில் நின்றார். அப்படி ஒரு மத்தியானம் கையில் கிடைத்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. உள்ளே அப்பா கேட்பது காதில் விழுந்தது. சாமி அமைதியாக, தேன் போல, “அமத்தியாச்சுய்யா” என்று சொல்வதும் விழுந்தது.

அந்தக் குரலைக் கேட்டபோது குற்றாலிங்கத்துக்குச் சாமி மேல் எரிச்சலாக வந்தது. தன் மேல் அதைவிட எரிச்சலாக வந்தது. பெரியவர்கள் பெரியவர்கள்தான். குறை தன்னிடம்தான்.

தெருவில் இறங்கி நடந்தார். பஸ் ஸ்டாண்டு வரை போனார். எந்த பஸ்ஸிலும் ஏறத் தோன்றவில்லை. டீ குடித்தார். டீக்கடைக் கண்ணாடியில் ஒரு கிழவனைப் பார்த்து, அது தான்தான் என்று தெரிந்ததும், பக்கத்துச் சலூனுக்குள் நுழைந்தார்.

“கட்டிங்கா, சேவிங்கா?”

“ரெண்டும்.”

சலூன்காரர் வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்றினார். தலையில் தண்ணீர் தெளித்தார். கத்தரிக்கோல் காதோரம் கிச்சு கிச்சு என்று பேசத் தொடங்கியது. மேலே மின்விசிறி சுற்றியது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

குற்றாலிங்கம் தூங்கிப்போனார்.

வாய் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, அப்படி ஒரு தூக்கம். சலூன்காரர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவரை எழுப்பிப் பார்த்தார். எழவில்லை. மெதுவாகச் சவரத்தை முடித்து, நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்துவிட்டு, அடுத்த ஆளைப் பக்கத்து நாற்காலிக்குக் கூப்பிட்டார்.

கண் விழித்தபோது வெளியே வெயில் மஞ்சளாகியிருந்தது.

குற்றாலிங்கம் துள்ளி எழுந்தார். துணியை உருவிப் போட்டுவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாக வந்தார்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது.

“இல்ல! இல்ல! இல்ல! மோட்டார் இல்ல! கெணறு இல்ல! ஒண்ணுமே இல்ல!”

அடுத்தாற்போல் ஏதோ சுவரில் போய் மோதிய சத்தம். அது தரையில் விழுந்து உருண்டது.

இசக்கியம்மாள் தன் வீட்டு வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

குற்றாலிங்கம் உள்ளே ஓடினார். சுவரில் கருப்பட்டிக் காப்பி நீளமாக வழிந்துகொண்டிருந்தது. சில்வர் டம்ளர் ஒரு பக்கம் நசுங்கிக் கட்டில் காலடியில் கிடந்தது. சாமியைக் காணோம். ஆவுடையப்பன் கட்டிலில் சௌகரியமாக உட்கார்ந்து, சுவரில் இறங்கும் காப்பியை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா! அடி பட்டுச்சா? எங்கயாவது வலிக்கா?”

“யாருலே அந்த ஆளு?” என்றார் ஆவுடையப்பன். “நல்ல மனுசன்தான். பழம் உரிச்சுக் குடுத்தாரு. ஆனா சட்டுன்னு கோவம் வருது.”

சாமி புழக்கடையில் இருந்தார். மூடின கிணற்றுக் கல் மேல் உட்கார்ந்திருந்தார். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருப்பார் போல. தாடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

“சாமி…”

“அவர் மேல எறியத்தான் எடுத்தேன், அண்ணாச்சி.” சாமி நிமிரவில்லை. “கடைசியில கை திரும்பிட்டு. அது நான் திருப்பினது இல்ல. எப்படித் திரும்புச்சுன்னே தெரியல.”

குற்றாலிங்கம் கிட்டே போனார்.

“மூச்சு விட்டீங்களா, சாமி?”

“விட்டேன்.”

“முகத்தப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அந்தப் புருவ முடியக்கூடப் பாத்தேன். பிடுங்கிரலாமான்னு இருந்துச்சு.”

குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சாமி அவரை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்கும் உதடு கோணியது.

“ஒரே ஒரு மத்தியானம்” என்றார் சாமி. “இத்தன வருசமா கண்ண மூடி உக்காந்திருக்கேன். ஒரே ஒரு மத்தியானம் தாங்கல.”

“சாமி, உங்களுக்கே இப்படின்னா…”

குற்றாலிங்கம் கல்லின் மறு ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். உள்ளதச் சொல்லுங்க.”

“கேளுங்க.”

“அன்னைக்குக் கை ஓங்கினீங்க. அடிக்கல.”

“அடிக்கல.”

“எப்படி அடிக்காம விட்டீங்க? எனக்குத் தெரியணும்.”

குற்றாலிங்கம் யோசித்தார். இதுவரை அதை யாரும் கேட்டதில்லை. அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை. ஓங்கிய கைதான் இரண்டு நாளாகக் கண் முன்னால் நின்றது. அந்தக் கை அப்புறம் எங்கே போயிற்று என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

“வாசலுக்குப் போய்ட்டேன், சாமி.”

“போயி?”

“ஒண்ணுமில்ல. சோத்துக் கையோட நின்னேன். ஒரு நாய் படுத்துக் கெடந்துச்சு. அதப் பாத்துட்டு இருந்தேன். ஐஸ் வண்டிக்காரன் மணியடிச்சிட்டுப் போனான். பொறவு உள்ள வந்து மிச்சச் சோத்த ஊட்டினேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“வாசலுக்குப் போகலாம்னு எனக்குத் தோணவே இல்லியே” என்றார் சாமி. ஆச்சரியமாகத்தான் சொன்னார். “உக்காந்த எடத்துலயே அமைதியா இருந்து காட்டணும்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தேன்.”

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏலே, மோட்டார அமத்திட்டியாலே?”

சாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. அதைக் குற்றாலிங்கம் பார்த்தார்.

தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். சலூன் பவுடர் வாசனைதான் வந்தது. வேறொன்றும் இல்லை. கேள்வி வந்தது, காதில் விழுந்தது. ஒரு கிழவர் தண்ணீர் வீணாகிறதே என்று கவலைப்படுகிறார். அவ்வளவுதான் கேட்டது.

“நீங்க இருங்க, சாமி. நான் போறேன்.”

உள்ளே போனார். “அமத்தியாச்சுப்பா” என்றார். சுவரைத் துடைத்தார். ஆவுடையப்பன் இன்னொரு தடவை கேட்டார். துடைத்துக்கொண்டே இன்னொரு தடவை பதில் சொன்னார். அப்பாவின் மடியில் கிடந்த வாழைப்பழத் தோலை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, சாமி துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

போகிறார். இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார் என்று குற்றாலிங்கத்துக்குத் தோன்றியது. அதில் நியாயமும் இருந்தது.

“உங்களச் சங்கடப்படுத்திட்டேன், சாமி. அடுத்த வெள்ளிக்கிழமை நானே மலைக்கு வாரேன்.”

“அங்க வந்து என்ன செய்யப் போறீங்க?”

“ஏதாவது சொல்லுவீங்கள்லா.”

“எங்கிட்ட ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி.”

சாமி வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினார். தெருவில் இரண்டடி வைத்துவிட்டு நின்றார்.

“நாளைக்கு எங்க போவீங்க?”

“நாளைக்கா?”

“முடிதான் வெட்டியாச்சே. வேற எங்கயாவது போகணும்லா.”

குற்றாலிங்கத்துக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் வாசல்படியிலிருந்து இறங்கி வந்தார்.

“நாளைக்கும் வாரீங்களா? சாமி, வேண்டாம். அவர் நாளைக்கும் இதேதான் கேப்பாரு. உங்களுக்கு மறுபடியும் கோவம் வரும்.”

“வரும்” என்றார் சாமி. “கண்ணாடிச் சாமானெல்லாம் எடுத்து உள்ள வச்சிருங்க. நான் சாப்பிட்டுட்டு வந்துடுதேன்.”